பிரேக்கம்மாவுக்குக் கிடைத்த கொசுறு

ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப்பேருக்கு அவர்தான் ஆசிரியை. மீதிப்பேர் எதிர்த்தெரு சிக்னல்காரரிடம் கற்றுக்கொண்டவர்கள். அவர்கள் ஓட்டுவதை ஓட்டுவது என்று சொல்ல அவருக்கு மனம் வராது. "உருட்டுறாங்க" என்பார்.

சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் வீட்டுக்கு வழிகாட்ட ஆள் கிடைக்காது. பிரேக்கம்மா என்றால் சின்னப் பிள்ளைகூடக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து விடும். கற்றுக்கொடுக்கிற மஞ்சள் வண்டியில் அவர் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் உண்டு. எல்லா டிரைவிங் ஸ்கூல் வண்டியிலும் அது இருப்பதுதான். மற்ற ஆசிரியர்கள் ஆபத்துக்கு மிதிப்பார்கள். இவர் ஆபத்து வரலாம் என்று தோன்றினாலே மிதித்துவிடுவார். தூரத்தில் ஒரு கோழி தலையைத் தூக்கிப் பார்த்தால் போதும். மாணவர் தன் காலைப் பிரேக்குக்குக் கொண்டு போவதற்குள் வண்டி நின்றிருக்கும். "எப்படி நிறுத்துனேன் பாத்தீங்களா!" என்று அந்த அப்பாவி பெருமைப்படுவார். பிரேக்கம்மா காட்டிக்கொடுக்க மாட்டார்.

இதனால் அவருடைய வலது செருப்பு எப்போதும் இடதுக்கு முன்னால் தேய்ந்துவிடும். புத்தம்புதிதாக நிற்கும் இடது செருப்புகளைத் தூக்கிப்போட மனமில்லாமல் அலமாரிக்கடியில் குவித்து வைத்திருக்கிறார். "இடது காலுக்கு மட்டும் தனியா ஒரு கடை போட்டுடலாம்" என்பார் கணவர்.

கணவருக்குப் பல் செட் செய்வது தொழில். வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஜன்னல் விளிம்பு நெடுக மாவுக்கட்டு மாவில் வார்த்த தாடைகள் வாயைப் பிளந்துகொண்டு காய்ந்துகொண்டிருக்கும். வண்டி பழக வருகிறவர்கள் தங்கள் முறை வரும்வரை அந்தத் தாடைகளுக்கு எதிரில்தான் உட்கார வேண்டும். சரியாக ஓட்டாவிட்டால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே காட்டி வைத்ததுபோல் இருக்கும் என்று சிலர் சொல்வதுண்டு. கணவர் இதுவரை ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. பெண்டாட்டியிடமே கற்றுக்கொள்ளலாமே என்று யாராவது கேட்டால், "எனக்கு இன்னும் சொந்தப் பல்லுதான். அது அப்படியே இருக்கட்டும்" என்பார்.

ஊருக்குள் பஸ்காரர்கள் ஹாரன் அடித்தே பழகுகிறவர்களின் ஆவியை வாங்கிவிடுவார்கள் என்பதால், பிரேக்கம்மா தன் மாணவர்களைச் செங்கல் சூளை தாண்டி வயல்வெளிச் சாலைகளுக்குக் கூட்டிப்போவார். அங்கேதான் அவருக்கு ஒரு வேடிக்கை பழக்கமானது. தானாக எங்கேயும் நிற்கிற ஜாதி இல்லை அவர். பாடம் என்றால் பாடம், சாலை என்றால் சாலை. ஓரத்தில் தங்கமே காய்த்துத் தொங்கினாலும் திரும்பிப் பார்க்க மாட்டார். ஆனால் பழகுகிறவர்கள் கிளட்சைச் சரியாக விடாமல் கண்ட இடத்தில் வண்டியை ஆஃப் செய்து வைப்பார்கள். எஞ்சின் சத்தம் அடங்கியதும் அந்த இடத்தில் ஏதாவது ஒன்று இருக்கும்.

முடிவெட்டுகிறவர் ஒருவர் பழக வந்தார். கால்வாய்ப் பாலத்தின் நடுவில் தவறாமல் வண்டியை நிறுத்திவிடுவார். முதல் நாள் பிரேக்கம்மா அவரை வாங்கு வாங்கென்று வாங்கினார். வாங்கி முடித்து மூச்சு விடும்போது கீழே எட்டிப் பார்த்தால், தண்ணீரில் நீர்நாய் ஒன்று குட்டிகளோடு புரண்டு விளையாடிக்கொண்டிருந்தது. இரண்டு பேரும் திட்டையும் பாடத்தையும் மறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்புறம் பாலம் நெருங்கினாலே பிரேக்கம்மாவின் குரல் தேன்போல ஆகிவிடும். கடைசியில் ஒருநாள் முடிவெட்டுகிறவர் பாலத்தை வழுக்கிக்கொண்டு கடந்தபோது, "சபாஷ்" என்று சொன்ன வாய் கொஞ்சம் கோணிக்கொண்டது.

இன்னொரு அம்மாள் திரும்பக் கூடாத இடத்தில் திரும்பி, யாரோ ஒருவர் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குள் வண்டியை நுழைத்துவிட்டாள். பின்னால் எடுக்கவும் வரவில்லை, முன்னால் போகவும் பசு விடவில்லை. வீட்டுக்காரி சிரிப்பை அடக்க முடியாமல் ஆளுக்கொரு டம்ளர் சூடான பால் கொடுத்தாள். வேறொரு நாள் வண்டி நின்ற இடத்தில், வீட்டில் வாசிக்க விடாததால் வயலுக்கு நடுவே நின்று கிளாரினெட் வாசிக்கிற ஒரு மனிதர் அகப்பட்டார். பாவம், வீட்டில் விடாததற்குக் காரணம் இருந்தது. ஆனாலும் கேட்க ஆள் கிடைத்த சந்தோஷத்தில் அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

இதையெல்லாம் பிரேக்கம்மா 'கொசுறு' என்று சொல்லுவார். கறிவேப்பிலை மாதிரி, கேட்காமல் கிடைப்பது. சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்ததும் தாடைகளுக்கு நடுவிலிருந்து கணவர் தலையைத் தூக்கி, "இன்னைக்கு என்ன கொசுறு?" என்று கேட்பார். சொல்லாவிட்டால் அவருக்கு வேலை ஓடாது.

இப்படி ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவர் சொந்த மகளிடம்தான் தோற்றுப்போனார். இருப்பது ஒரே மகள். லைசென்ஸ் வாங்குகிற வயது அவளுக்கு வந்ததும் முதல் பாடம் நடந்தது. அதே வயல்வெளிச் சாலைதான். ஊரார் பிள்ளை ஓட்டும்போதே கோழிக்கு மிதிக்கிற கால், தன் பிள்ளை ஓட்டும்போது கோழி இறகுக்கும் மிதித்தது. வளைவுக்கு வளைவு, பள்ளத்துக்குப் பள்ளம், நிழலுக்கு நிழல். கடைசியில் மகள் கதவைத் திறந்து இறங்கி வீட்டைப் பார்த்து நடக்க ஆரம்பித்துவிட்டாள். பிரேக்கம்மா இடம் மாறி உட்கார்ந்து வண்டியை அவள் பின்னாலேயே ஊர்வலமாக ஓட்டிவந்தார். அப்போதும் சும்மா வந்தாரா? "ஓரமா நட! ரோட்டுல எதுக்கு வளைஞ்சு வளைஞ்சு போற?" என்று ஜன்னல் வழியே பாடம் நடத்திக்கொண்டே வந்தார்.

அதற்கப்புறம் அவள் வண்டிப் பேச்சையே எடுக்கவில்லை. ரத்தப் பரிசோதனை செய்கிற படிப்புப் படித்தாள், உள்ளூர் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தாள், பஸ்ஸில் போனாள், வந்தாள். இப்போது மலைக்கு அந்தப்பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நல்ல வேலை கிடைத்தது, தங்க வீடும் கொடுத்தார்கள். அங்கே பஸ் கிடையாது. வண்டி ஓட்டத் தெரிந்தே ஆக வேண்டும். அவள் போய்ச் சேர்ந்த இடம் சிக்னல்காரர் ஸ்கூல்.

சிக்னல்காரர் ஒருகாலத்தில் போக்குவரத்துப் போலீஸாக இருந்தவர். டீக்கடையில் டீ சொல்வதென்றாலும் கையை நீட்டித்தான் சொல்வார். மகள் அவரிடம் பழகுகிற செய்தியை மகள் சொல்லவில்லை, ஊர் சொன்னது. ஒருவர் விடாமல் வந்து சொன்னார்கள். பிரேக்கம்மாவுக்கு மூக்கு உடைந்துபோயிற்று. வீட்டில் பேச்சு "சாப்பிட்டியா", "சாப்பிட்டேன்" என்ற அளவுக்குச் சுருங்கியது. சிக்னல்காரர் வண்டி வாசல் வழியே போகும்போது பிரேக்கம்மா முகத்தைத் திருப்பிக்கொள்வார். காதை மட்டும் திருப்பிக்கொள்ள மாட்டார். "மூணாவது கியரை அவசரப்பட்டு போடுறா" என்று சுவரிடம் சொல்வார். மகள் முதல் தடவையிலேயே லைசென்ஸ் வாங்கிவிட்டாள். அன்றைக்கு அவர் தலைவலி என்று படுத்துக்கொண்டார்.

மகள் பழைய வண்டி ஒன்றை வாங்கி, புது வீட்டுக்குக் குடிபோகிற நாளும் வந்தது. கணவர் மெல்ல மகளிடம் பேச்சுக் கொடுத்தார்.

"அம்மாவையும் கூட்டிட்டுப் போயேன். வீட்டைப் பாத்துட்டு வரட்டும்."

"நீங்க வாங்கப்பா."

"ஒரு பெரியவருக்கு மேல் வரிசைப் பல்லு இன்னைக்குக் கொடுக்கணும். மனுஷன் கஞ்சி குடிச்சே இளைச்சுப் போயிட்டார். அதோட, பின்னாடி சீட்டுல மெத்தையும் அடுப்பும் இருக்கு. நான் எங்க உக்கார்றது?"

மகள் சாவியை எடுத்துக்கொண்டாள். பிறகு, சமையலறையில் இருந்த அம்மாவுக்குக் கேட்கிற மாதிரியே சொன்னாள்:

"கூட்டிட்டுப் போறேன். ஆனா என் வண்டில அந்தப் பக்கம் பிரேக் கிடையாது. அங்க கால் ஒரு தடவை அமுங்கினாலும் எனக்குத் தெரிஞ்சிடும். அமுங்குச்சுன்னா, அதோட சரி. அப்புறம் அந்த வீட்டுக்கு யாரும் வர வேண்டாம், நானே லீவுக்கு வந்து பாத்துக்கிறேன்."

பிரேக்கம்மா கரண்டியைக் கீழே வைத்தார். மஞ்சள் வண்டியை எடுத்துக்கொண்டு அவரே எப்போது வேண்டுமானாலும் மலை ஏறி இறங்கலாம்தான். ஆனால் அழைக்காத வீட்டுக்கு எந்த வண்டியில் போனால் என்ன? மகளின் வீட்டுக்குள் இனி உரிமையோடு நுழைய முடியுமா முடியாதா என்பது, சொன்ன பேச்சை இதுவரை கேட்டே அறியாத அந்த வலது காலை நம்பி இருந்தது.

வண்டி கிளம்பியது. செங்கல் சூளை வரைக்கும் கால் ஒழுங்காக இருந்தது. சூளை தாண்டி ஒரு சைக்கிள் குறுக்கே வந்தபோது கட்டைவிரல் செருப்புக்குள் சுருண்டது. கால்வாய்ப் பாலத்தில் குதிகால் தூக்கிக்கொண்டது. முழங்காலைக் கையால் அழுத்திப் பிடித்துப் பார்த்தார். பிடித்த கையையும் மீறி அது அசைந்தது. இன்னும் ஒரு சைக்கிள் வந்தால் கதை முடிந்தது என்று புரிந்துவிட்டது. சட்டென்று செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். கீழே கால் இருந்தால்தானே மிதிக்கும்?

"என்னம்மா இது?" என்றாள் மகள்.

"முதுகு வலி. இப்படி உக்காந்தா நல்லாருக்கு."

சிரிப்பை அடக்குவதில் மகளின் உதடு லேசாகத் துடித்ததைப் பிரேக்கம்மா பார்த்துவிட்டார்.

அடுத்த ஆபத்து வாயில் இருந்தது. சாலையைப் பார்த்தால் ஏதாவது சொல்லத் தோன்றும் என்று பக்கத்து ஜன்னலை மட்டும் பார்த்துக்கொண்டு வந்தார். இத்தனை வருஷமாகப் போய்வந்த சாலை. அதற்கு இடது பக்கம் என்று ஒன்று இருந்ததை அன்றைக்குத்தான் கண்டார். ஒரு வீட்டு வேலியில் யாரோ விதவிதமான கலரில் கதவுகளை வரிசையாக நட்டு வைத்திருந்தார்கள். பழைய கதவுகள். ஒன்று கொஞ்சம் திறந்துகூட இருந்தது. ஒரு கிணற்று மேட்டில் ஒரு கிழவர் நாய்க்குத் தலை சீவிவிட்டுக்கொண்டிருந்தார். நாயும் மரியாதையாகக் காட்டிக்கொண்டு நின்றது. பிரேக்கம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. திரும்பி மகளிடம் சொல்லலாமா என்று வாயெடுத்து, ஓட்டுகிறவளிடம் பேச்சுக் கொடுக்கக் கூடாது என்று தான் சொல்லிக்கொடுக்கிற பாடமே ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டார். இதற்குள் இரண்டு காலும் மரத்துப்போயிருந்தன.

மலையடிவாரம் நெருங்குகிற இடத்தில் சாலை ஒரு மேட்டில் ஏறி இறங்கும். மேட்டின் உச்சியில் வந்ததும் பிரேக்கம்மாவின் கண் பழக்கதோஷத்தில் முன்னால் திரும்பியது. இறக்கத்தில், சாலை முழுக்க அடைத்துக்கொண்டு, வாத்துகள். ஒரு பட்டாளமே வந்துகொண்டிருந்தது.

உடம்பு மொத்தமும் மிதித்தது. தோள் மிதித்தது, தாடை மிதித்தது. கால் மட்டும் சம்மணத்தில் கட்டுண்டு செத்துக் கிடந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். வண்டி குலுங்கவில்லை, வழுக்கவில்லை. வேகம் பதமாகக் குறைந்துகொண்டே வந்து நின்றது. நின்ற பிறகு ஒரு துள்ளு துள்ளி எஞ்சின் ஆஃப் ஆயிற்று.

கண்ணைத் திறந்தார். முதல் வாத்து வண்டியின் முன்பக்கத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, பெரிய மனிதத்தனத்தோடு ஒதுங்கி நடந்தது. மற்றவையும் இரண்டு பக்கமும் பிரிந்து வண்டியைச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தன. எங்கு பார்த்தாலும் குவாக் குவாக்.

அந்தப் பக்கம் பிரேக்கே இல்லை என்பது மகளுக்கு அந்த நிமிஷம் மறந்துபோயிருந்தது. முகம் சிவக்கத் திரும்பினாள்.

"நீ மிதிச்சியா?"

"எதால மிதிக்கிறது? ரெண்டு காலும் எங்க இருக்குன்னே தெரியல. வேணும்னா நீயே தொட்டுப் பாரு."

மகள் அந்தச் சம்மணத்தைப் பார்த்தாள். முதுகு வலி இல்லை என்பது அவளுக்கு முன்பே தெரியும். இருந்தாலும் இப்போதுதான் பார்க்கிற மாதிரிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்:

"அப்போ நான்தான் நிறுத்துனேன்."

"நீதான் நிறுத்துன."

"அன்னைக்கு உன்கூட ஓட்டுனப்போ, வண்டி ஒவ்வொரு தடவை நிக்கிறப்பவும், நான் நிறுத்துனேனா நீ நிறுத்துனியான்னு எனக்குத் தெரியவே இல்லம்மா. அதான் இறங்கிட்டேன். கோவத்துல இல்ல. பயந்து போயிட்டேன். நீ இல்லாம எனக்கு ஒண்ணுமே வராதோன்னு."

பிரேக்கம்மாவுக்குப் பழைய மாணவர்கள் நினைவுக்கு வந்தார்கள். எத்தனை பேர் "எப்படி நிறுத்துனேன் பாத்தீங்களா" என்று கேட்டு ஏமாந்து போயிருக்கிறார்கள்! ஏமாறாதவள் இவள் ஒருத்திதான். அதைப் போய் வீம்பு என்று இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தோமே என்று தன்மேலேயே எரிச்சலாக வந்தது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தார். அதற்குள் வாத்துக்காரி வந்து சேர்ந்தாள். கையில் நீளக் கம்பு, தலையில் கூடை.

"நல்லா நிறுத்துன தாயி! போன வாரம் ஒரு லாரிக்காரன் நிக்காமலே போயிட்டான்." ஜன்னலுக்குள் குனிந்து பார்த்தாள். "அட, மஞ்ச வண்டி அம்மாவா! உங்ககிட்ட கத்துக்கிட்ட பொண்ணா? அப்புறம் கேக்கணுமா!"

பிரேக்கம்மா சும்மா இருந்திருந்தால் போதும். ஒரு சின்னச் சிரிப்புச் சிரித்துவிட்டு நகர்ந்திருக்கலாம். மகள் அம்மாவைத் திரும்பிப் பார்க்காமல் வாத்துகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் சொல்லிக்குடுக்கல" என்றார் பிரேக்கம்மா. "எங்க ஊர்ல சிக்னல் சார்னு ஒருத்தர் இருக்கார். அவர்கிட்ட கத்துக்கிட்டா." அடுத்த வார்த்தைகளைத் தொண்டையிலிருந்து குறடு போட்டுத்தான் இழுக்க வேண்டியிருந்தது. ஆனாலும் இழுத்துவிட்டார். "நல்லாத்தான் சொல்லிக்குடுத்திருக்கார்."

மகள் வாயில் ஈ புகுந்தாலும் தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தாள். சிக்னல்காரரை அம்மா 'சார்' என்று சொல்லி அவள் கேட்டதே இல்லை.

வாத்துக்காரி கூடையிலிருந்து நாலைந்து முட்டைகளை எடுத்து, வேண்டாம் வேண்டாம் என்கிற பிரேக்கம்மாவின் மடியில் வைத்தாள். "நின்னதுக்கு" என்றாள். கடைசி வாத்துக்கு ஒரு அதட்டல் போட்டுவிட்டு அதன் பின்னாலேயே போய்விட்டாள்.

மகள் வண்டியைக் கிளப்பினாள். துள்ளி நின்றது. மறுபடி கிளப்பினாள், மறுபடியும் நின்றது. கிளட்சை விடுகிற வித்தையைப் பற்றிப் பிரேக்கம்மாவிடம் ஒரு முழுநாள் பேசச் சரக்கு உண்டு. முட்டைகளை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, மலையையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் தடவை வண்டி நகர்ந்தது.

சாலை ஏற ஆரம்பித்தது. மரத்த கால்களை மெல்லக் கீழே விட்டார். ரத்தம் ஓட ஓட எறும்பு ஊர்வதுபோல் குறுகுறுத்தது. வலது பாதத்தைக் கீழே விரிப்பில் பட்டும் படாமலும் வைத்தார். ஒரு வளைவு வந்தது. மகள் கியரைக் குறைத்தாள். இன்னொரு வளைவு, கொண்டை ஊசி மாதிரி. எதிரே வந்த டிராக்டருக்கு ஒதுங்கி நின்று வழிவிட்டாள். பாதம் வைத்த இடத்திலேயே இருந்தது. காற்று குளிர்ந்து வந்தது. மடியில் முட்டைகள், பின்னால் மெத்தை, மேலே மரங்களின் நிழல் மாறி மாறி. அடுத்த வளைவு எப்படி வந்தது, எப்படிப் போயிற்று என்று பிரேக்கம்மாவுக்குத் தெரியாது.

விழிப்பு வந்தபோது வண்டி நின்றிருந்தது. கண்ணைத் திறப்பதற்குள் குரல் கேட்டது. மகள் வெளியே, வண்டியின் மேல் சாய்ந்துகொண்டு போனில் பேசிக்கொண்டிருந்தாள். யாரும் விழித்துவிடக் கூடாதே என்கிற மாதிரியான தாழ்ந்த குரல்.

"வந்து ரொம்ப நேரமாச்சுப்பா... இல்ல, இன்னும் வீட்டையே திறக்கல. அம்மா தூங்குறாங்க... என் வண்டிலதான்ப்பா! நான் ஓட்டிட்டிருக்கறப்பவே தூங்கிட்டாங்க. மலைப்பாதை பூராவும். அத்தனை வளைவுலயும் தூங்கிட்டே வந்தாங்க."

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் வந்தது.

"அழல்லப்பா. சும்மாதான்... அம்மா யார் வண்டிலயாவது தூங்கிப் பாத்திருக்கீங்களா நீங்க? பஸ்லகூட டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி உக்காந்து, அவர் காலையே பாத்துட்டு வர்ற ஆளு... சரி, அடுத்த வாரம் வந்து உங்களையும் கூட்டிட்டு வர்றேன். நீங்க பின்னாடிதான். முன் சீட்டு அம்மாவுக்கு."

பிரேக்கம்மாவுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டு வலித்தது. மூக்கு நுனியில் ஏதோ பூச்சி உட்கார்ந்து நடைபழகிக்கொண்டிருந்தது. லைசென்ஸ் கையில் வாங்கிய அன்றைக்குக்கூட மகளின் குரல் இப்படி இருந்திருக்காது என்று தோன்றியது. தலைவலி என்று படுத்துக்கொண்டதில் அன்றைய குரலைக் கேட்காமல் விட்டதும் அவர்தான். இதையாவது முழுசாகக் கேட்டுவிட வேண்டும். கண்ணைத் திறக்காமல், பூச்சியை அதன் போக்கில் விட்டுவிட்டு அப்படியே கிடந்தார். மகள் பேச்சை நிறுத்தி ஜன்னல் வழியே எட்டிப் பார்ப்பது நிழலாகத் தெரிந்ததும், எதற்கும் இருக்கட்டும் என்று லேசாக ஒரு குறட்டையும் விட்டார்.